ஒரு சொல், இரு பொருள்! கொரியப் போரில் நேர்ந்த விபரீதம்

வாய் தவறிச் சொன்ன சொல்லால் வம்பு வருவது உண்டு. சரியாகச் சொன்ன சொல்லாலும் வம்பு வருமா?

வரும்! அதற்கு ஒரு சிறிய ஆங்கிலச் சொல்லே சாட்சி.

'ஸ்டிக்கி' என்பது அந்தச் சொல். 'பிசுபிசுப்பானது', 'ஒட்டிக்கொள்வது' என்று பொருள். வெல்லப்பாகு கையில் பட்டால் எப்படி இருக்கும்? அதுதான் ஸ்டிக்கி!

குத்தியது ஒட்டியது

ஆதியில் இதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் 'குத்து' என்பதாகும். கூர்மையான ஒன்றைக் குத்தினால், அது அங்கேயே நின்றுவிடும் அல்லவா? அதனால் 'பதிந்து நில்' என்ற பொருள் வந்தது. பிறகு 'ஒட்டிக்கொள்' என்று ஆயிற்று.

அதோடு நின்றதா? இல்லை. வியர்த்துக் கொட்டும் புழுக்கமான நாளையும் 'ஸ்டிக்கி' என்றார்கள். திருட்டுக் கை உள்ளவனை 'ஒட்டும் விரல்காரன்' என்று கேலி செய்தார்கள். கண்ட பொருள் எல்லாம் அவன் விரலில் ஒட்டிக்கொள்ளுமாம்!

மழையும் கிரிக்கெட்டும்

முன்பெல்லாம் கிரிக்கெட் ஆடுகளத்தை மழைக்கு மூடி வைக்கும் வழக்கம் இல்லை. மழையில் நனைந்த களம் வெயிலில் காயும்போது, பந்து தாறுமாறாக எழும்பும். மட்டை பிடிப்பவர் பாடு திண்டாட்டம்தான். அந்தக் களத்தை 'ஸ்டிக்கி விக்கெட்' என்றார்கள். பிறகு, எந்தச் சங்கடமான நிலைமைக்கும் அதுவே பெயராயிற்று.

இங்கிலாந்துக்காரருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பெரிய ஆபத்தைக்கூடச் சிறியதுபோலச் சொல்வார்கள். இந்த இரண்டும் ஒரு நாள் போர்க்களத்தில் சேர்ந்துகொண்டன.

"கொஞ்சம் ஸ்டிக்கி"

1951-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரை. பிரிட்டிஷ் படைப்பிரிவின்மேல் சீனப்படை வெள்ளம்போல் பாய்ந்தது. குளோஸ்டர் பட்டாளத்தின் 600-க்கும் மேற்பட்ட வீரர்கள் சுற்றி வளைக்கப்பட்டார்கள்.

பிரிட்டிஷ் தளபதி பிரோடியிடம், அவருக்கு மேலான அமெரிக்கத் தளபதி நிலைமையை விசாரித்தார். "கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது" என்று பிரோடி பதில் கூறினாராம்.

இங்கிலாந்துக்காரர் காதில் விழுந்திருந்தால் பொருள் வேறு: 'ஆபத்து தலைக்குமேல் போய்விட்டது!' ஆனால் அமெரிக்கரோ, 'சிறிது தொல்லை. சமாளித்துக்கொள்வார்கள்' என்று நினைத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது.

குளோஸ்டர் வீரர்கள் ஒரு குன்றின்மேல் நின்று கடைசிவரை போராடினார்கள். குண்டுகள் தீர்ந்தன. தண்ணீரும் தீர்ந்தது. 500-க்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். தப்பி வந்தவர்கள் சிலரே. அவர்களுடைய தலைவர் கார்னும் சிறைப்பட்டார். 1953-ல் விடுதலையான அவருக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது.

அந்தத் துயரத்துக்கு ஒரு சொல் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. எதிரியின் பலம் பல மடங்கு அதிகம். மீட்கப் போன டாங்கிகளும் குன்றை எட்ட முடியவில்லை. ஆனாலும், ஆபத்து நேரத்தில் பூசி மெழுகக் கூடாது என்பதற்கு இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள்.

சர்ச்சில் கண்ட சண்டை

இரண்டாம் உலகப்போரின்போதும் இப்படி ஒரு வேடிக்கை நடந்தது. 'டேபிள்' என்றால் மேஜை. ஒரு விஷயத்தை 'டேபிள் செய்வோம்' என்றால், பிரிட்டனில் 'உடனே விவாதிப்போம்' என்று பொருள். அமெரிக்காவிலோ, 'ஒத்திப்போடுவோம்' என்று பொருள்! இரு தரப்பாரும் நெடுநேரம் வாதாடினார்கள். கடைசியில் பார்த்தால், இருவர் விருப்பமும் ஒன்றே! சர்ச்சிலே இதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

இன்னும் வளர்கிறது

'ஸ்டிக்கி' இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒட்டி ஒட்டி எடுக்கும் சிறு குறிப்புத்தாள் 'ஸ்டிக்கி நோட்' ஆகிவிட்டது. சட்டென்று மாறாத விலையைப் பொருளாதார நிபுணர்கள் 'ஸ்டிக்கி விலை' என்கிறார்கள்.

நம் தமிழிலும் இது உண்டு. 'நாற்றம்' என்றால் அன்று நறுமணம். இன்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி!

சொல் ஒன்றுதான். கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதையும் நினைத்துப் பேசுவதே நல்லது!