கொட்டகையை அசைத்த பூகம்பம்

லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரம் பூகம்பத்தில் இடிந்து சரிவதைச் சித்திரித்து, மார்க் ராப்சன் டைரக்‌ஷனில் 1974 நவம்பரில் வெளிவந்த ‘எர்த்குவேக்’ என்ற ஹாலிவுட் படத்தில், நேயர்களே, கதையைவிட (கதை அப்படியொன்றும் விசேஷமானதல்ல) சப்தமே பிரதானம். பூமி நடுங்கும் காட்சி திரையில் வந்ததும், கொட்டகைக்குள் வரிசையாக வைத்திருந்த ராட்சத ஒலிபெருக்கிகள், மனிதச் செவிக்கு எட்டுவதே அரிதான மிகத் தாழ்ந்த ஒலியலைகளை எழுப்பவே, காது கேளாததை மார்புக்கூடும் முதுகெலும்பும் கேட்டு, உட்கார்ந்திருந்த ஆசனமே ஆட்டங்கண்டது போன்ற பிரமை ரசிகர்களுக்கு உண்டாயிற்று. ‘சென்சரவுண்ட்’ என்பது இந்த உபாயத்தின் பெயர். ஹாலிவுட்டின் பிரசித்தி பெற்ற சைனீஸ் தியேட்டரில், இந்த அதிர்ச்சியில் விதானத்துக் காரை பெயர்ந்து யார் தலையிலாவது விழுந்துவைக்கப் போகிறதே என்று, மேலே குறுக்காக ஒரு வலையையே கட்டி வைத்தார்களாம். படத்தில் இடிந்த கட்டடங்களில் பல சிறிய மாதிரிகளே, இங்கே பயந்ததோ அசல் காரைக்கு! பின்னர் விரல்விட்டு எண்ணத்தக்க சில படங்களோடு சென்சரவுண்டின் ஆயுள் முடிந்துபோயிற்று. ஆயினும் 1974-ஆம் ஆண்டின் சிறந்த ஒலிக்கான ஆஸ்கார் பரிசு ‘எர்த்குவேக்’ படத்துக்கே கிடைத்தது.