‘இல்லை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்

கோபிநத்தம் மாரியம்மன் கோயில் பக்கம் நிழலில் உட்கார்ந்து அந்த அம்மா மஞ்சள் பையைப் பிரித்தார். மகளின் மதிப்பெண் பட்டியல், கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ. இடம் கிடைத்த கடிதம், இரண்டு வருடக் கட்டண விவரம், நாடகச்சேரி என்ற வருவாய் அலுவலகத்தில் கன்னடத்தில் வாங்கிய வருமானச் சான்று, பாஸ்புக், ஓரம் மடங்கிய நாலைந்து ஆதார் நகல். எல்லாம் இருந்தது. வங்கியிலிருந்து வந்த தாள் மட்டும் ஒன்றுகூட இல்லை.

“மூணு தடவை போயாச்சுங்க. உங்க ஊரு எங்க ஏரியாவுல வராதுன்னு சொல்லிட்டாங்க.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“எழுதியா? அதெல்லாம் நாம கேக்க முடியுமாங்க?”

முடியும். எல்லையோரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் மேற்படிப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. கோபிநத்தம் கர்நாடகத்தில், பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997க்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போன ஊர். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் கன்னடம், சந்தைக்கும் கல்லூரிக்கும் பாலாற்றைத் தாண்டிக் கொளத்தூர், மேட்டூர். வெளியாட்களுக்கு இந்த ஊரைச் சொன்னால் வீரப்பன் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. இங்கேயும் எம்.சி.ஏ. படிக்க ஆசைப்படும் பெண் இருக்கிறாள் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

‘ஏரியா’ என்ற காரணத்தை முதலில் பார்ப்போம். மாணவரின் வீடு கிளையின் சேவைப் பகுதிக்குள் இல்லை என்பதற்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே எல்லா வணிக வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மாநில எல்லை, தாலுகா எல்லை எதுவும் இதற்குப் பொருந்தாது. மாணவரின் ஊர்ப் பக்கத்துக் கிளையிலும் கேட்கலாம், கல்லூரிப் பக்கத்துக் கிளையிலும் கேட்கலாம்.

அடுத்தது ஜாமீன். 4 லட்சம் ரூபாய் வரை எந்தச் சொத்து ஈடும் கேட்கக் கூடாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி வரும் கடன்களில் 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி பின்னால் நிற்கிறது. அதன் கீழ் கொடுக்கும் கடனுக்கு நிலப் பத்திரமும் தேவையில்லை, மூன்றாம் நபர் ஜாமீனும் தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். மூன்றாவது காரணமாகச் சொல்லப்படுவது சிபில் மதிப்பெண். அது குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாணவருக்குக் கடன் மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. இங்குள்ள கிளையை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டிப்போடாது. ஆனாலும் மனுவில் எடுத்துக்காட்ட அது வலுவான சான்று.

இதனால் கடன் கேட்ட எல்லோருக்கும் கொடுத்தே தீர வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லை, தகுதியில்லாமல் பணம் கட்டி வாங்கிய இடம், இப்படிப்பட்ட நியாயமான காரணங்கள் வங்கிக்கு உண்டு. மறுப்பதாக இருந்தால் கிளைக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். வாய்மொழியில் சொன்ன ‘இல்லை’க்கு மேல்முறையீடு செய்ய வழியில்லை. அதனால் விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள். வீட்டில் இணைய வசதி இல்லையென்றால் கிராம ஒன் என்ற அரசு சேவை மையத்தில் போடலாம். விண்ணப்ப எண் கைக்கு வந்துவிட்டால், நீங்கள் வங்கிக்குப் போனதற்குச் சாட்சி தேட வேண்டாம்.

வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

மேற்படிப்புக்குக் கடன் வாங்குவோரைப் பெரிதாக ஏமாற்றுவது வட்டி மானியம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு, படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் வரும் வட்டியை மத்திய அரசே கட்டும். 2009இல் தொடங்கிய திட்டம் இது. ஆனால் இளநிலையோ முதுநிலையோ, ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான். பி.இ. படிக்கும்போது மானியம் வாங்கிய பையனுக்கு எம்.இ. கடனில் அது வராது. இது தெரியாமல், “போன தடவை மாதிரி கவர்மெண்ட் வட்டி கட்டிரும்” என்று நம்பி இரண்டாவது கடனில் கையெழுத்துப் போட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பாதியில் படிப்பை விட்டாலும் மானியம் போய்விடும். மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இன்னொரு வாசல். தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். தொடங்கும்போது அந்தப் பட்டியலில் இருந்தவை 860 நிறுவனங்கள். வேறு சலுகை எதுவும் பெறாத, 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் இது. சேரும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மானியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு நோட்டுத் தாளில் போட்டுக் காட்டினேன். 6 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 லட்சமாகக் கல்லூரிக்குப் போகிறது. இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு ஒரு வருட அவகாசம். இந்த மூன்று வருடத்தில் யாரும் தவணை கேட்டு வர மாட்டார்கள். ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் 3 லட்சத்துக்கு 99,000, இரண்டாவது 3 லட்சத்துக்கு 66,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 7,65,000 ரூபாய். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,540 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் மாதம் 8,700க்குக் கொஞ்சம் குறைவு. தவணை இலேசாகத் தெரியும். ஆனால் மொத்தமாகக் கட்டும் தொகை 12.65 லட்சத்திலிருந்து 15.65 லட்சமாக ஏறிவிடும்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால், முதல் வருடம் மாதம் 2,750, அதன் பிறகு 5,500. அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்க மாதிரித் திட்டத்தில் இடம் உண்டு. முழுதாக முடியாவிட்டால், ராகி விற்ற மாதம், கூலி கூடக் கிடைத்த மாதம் என்று முடிந்தபோது கட்டுங்கள். இரண்டாயிரம் கட்டினாலும் அது பிற்பாடு அசலோடு சேராது. அந்த அம்மா தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத யாருமே சொல்லலீங்களே” என்றார். 2024 அக்டோபர் முதல் எந்தச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றை வங்கி கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடன் இல்லாமல் படிக்க முடியுமா என்றும் பாருங்கள். கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வருகிறது. அமெரிக்கா போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்குள்ள மத்திய அரசின் மாணவர் கடன் மாணவர் விசாவில் போகிற நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அந்நாட்டு மாணவர்கள் முதுநிலைப் படிப்புக்கு முழுச் செலவையும் கடனாக வாங்க வழிசெய்த கிராட் பிளஸ் திட்டத்தையே, 2026 ஜூலை முதல் புதிய கடன்தாரர்களுக்கு நிறுத்த 2025இல் அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அவ்வளவு கடன் ஆகாது என்று அந்த நாடே யோசிக்கிற காலம். ஊரில் இருக்கும் ஒரே காட்டை அடகு வைத்து அங்கே அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை கணக்குப் போடுங்கள்.

வேலை கிடைக்காமல் தவணை நின்றுவிட்டால், ஒளிந்துகொள்ளாமல் வங்கிக்கு எழுதுங்கள். வேலையில்லாத காலத்துக்கு இரண்டு மூன்று முறை அவகாசம் தர மாதிரித் திட்டமே இடம் கொடுக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது. மிரட்டுவது, ஊரார் முன் அவமானப்படுத்துவது, உறவினரைத் தொல்லை செய்வது எல்லாமே ரிசர்வ் வங்கி தடைசெய்தவை. 2016இல் மதுரையில் பொறியியல் படித்த ஒரு இளைஞர், கல்விக் கடன் வசூல் நெருக்கடியால் உயிரை விட்டதாகக் குடும்பத்தார் கதறினார்கள். அந்தச் செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. அடகில் இருந்தாலும், விவசாய நிலத்தை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகாமல் வங்கி எடுத்துக்கொள்ள முடியாது. வழக்குப் போடலாம். ஆனால் கூட்டுக் கடன்தாரரான அப்பாவின் சிபில் கெடும், அடுத்த பயிர்க் கடனுக்கு அது தடையாக வரும். இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வங்கி மறுத்ததும் வட்டிக்காரரிடம் ஓடாதீர்கள். பதிவில்லாமல் கடன் கொடுத்து மிரட்டி வசூலிப்போருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்று கர்நாடகம் 2025இல் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. சட்டம் வந்துவிட்டது என்பதற்காக அந்த வட்டி குறைந்துவிடாது.

கிளம்புவதற்கு முன் கிளை மேலாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். எந்தெந்தத் தேதியில் வந்தோம், என்ன கேட்டோம், என்ன சொல்லி அனுப்பினார்கள், கடனை மறுப்பதானால் காரணத்தை எழுதித் தரவும், அவ்வளவுதான். இரண்டு பிரதி. ஒன்று வங்கிக்கு, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள.

“சாரு கோவிச்சுக்குவாருங்களா?” என்று கேட்டார்.

“கோவிச்சுக்கிட்டாலும் முத்திரை வாங்கிட்டு வாங்கம்மா” என்றேன். இரண்டு பிரதிகளையும் வருமானச் சான்றோடு சேர்த்து மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.