தூங்கிய முகவரி விழிக்கும்போது

வெளியூரில் இருப்பவரின் காலி மனையைப் போலிப் பத்திரம் தயாரித்து விற்கிற கூட்டம் நமக்குப் புதிதல்ல. அதே திருட்டு இணையத்திலும் நடக்கிறது. அங்கே மனை என்பது ஐபி முகவரித் தொகுதி.

பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடி முகவரிகள்தான். 1980களில் ஒரு பல்கலைக்கழகமோ நிறுவனமோ கேட்டால், 65,536 முகவரிகளை மொத்தமாக இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பு தீர்ந்தது. இன்று ஒவ்வொரு முகவரிக்கும் டாலரில் விலை உண்டு. ஆனால் அன்று வாங்கிய நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டன. பதிவேட்டில் மட்டும் அவற்றின் பெயர் நிற்கிறது.

திருடன் தேடுவது இந்தப் பெயர்களைத்தான். மூடிய நிறுவனத்தின் இணையப் பெயர் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தால் அதைத் தன் பெயரில் வாங்கிக்கொள்வான். பதிவேட்டிலிருந்து அந்த நிறுவனத்துக்குப் போகும் மின்னஞ்சல் இனி அவனிடம் வரும். போலிக் கடிதத்தாளில் ஓர் இணையச் சேவை நிறுவனத்துக்கு எழுதுவான்: ‘எங்கள் முகவரிகளை உங்கள் வழியாக அறிவியுங்கள்.’

அறிவித்தால் போதும். வலையமைப்புகள் வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி முறை, நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0 என்று தொடங்கும் தொகுதியைத் தன்னுடையதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. உலகமே கவனித்ததால் அது சரிசெய்யப்பட்டது. ஆளில்லாத முகவரி திருடுபோனால் புகார் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் தடைப்பட்டியல் சாட்சியாகிறது. ஸ்பேம் அனுப்புகிற முகவரிகளைத் தொகுத்து வைக்கும் பட்டியல் அது. மின்னஞ்சல் சர்வர் அனுப்புநரின் எண்ணைத் திருப்பிப் போட்டு, 192.0.2.45 என்பதை 45.2.0.192 என்றாக்கி, பட்டியலைக் கேட்கும். 127.0.0.2 போன்ற பதில் வந்தால் அந்த முகவரி பட்டியலில் இருக்கிறது என்று பொருள். திருடன் தூங்கும் முகவரியை விரும்புவதே, அதன்மேல் இன்னும் கறை விழவில்லை என்பதால்தான். ஆனால் அதை வைத்து ஸ்பேம் அனுப்பிய கொஞ்ச காலத்திலேயே பட்டியலில் விழுந்துவிடுவான்.

பட்டியலில் ஏறிய அந்தத் தேதியை எடுத்து, ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரவுட்வியூஸ் திட்டம் சேமித்து வரும் வழித்தடப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடந்த தொகுதி, திடீரென்று சம்பந்தமில்லாத ஒரு வலையமைப்பு வழியாக எழுந்து, உடனே பட்டியலிலும் ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கறை மட்டும் இருந்தால் அது திருட்டுக்கு ஆதாரமாகாது. முறையாக வாடகைக்கு எடுத்தவரும் ஸ்பேம் அனுப்பலாம்.

ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு நடத்தும் ‘டிராப்’ பட்டியல் இவற்றில் கடுமையானது. களவாடப்பட்ட தொகுதிகளும் குற்றக் கும்பல்கள் நடத்தும் தொகுதிகளும் அதில் இடம்பெறும். அவற்றின் போக்குவரத்தை அடியோடு மறுக்கச் சொல்கிறது. 2019 ஜூன் முதல் 2022 மார்ச் வரை அதில் இருந்த 712 தொகுதிகளை ஆராய்ந்தவர்கள் கவலைக்குரிய ஒன்றைக் கண்டார்கள். சில தொகுதிகளைக் கைப்பற்றுவதற்குச் சற்று முன்பு வழித்தடப் பதிவேட்டில் பொய்ப் பதிவு ஏற்றப்பட்டிருந்தது. சிலர் பழைய உரிமையாளரின் வலையமைப்பு எண்ணையே போட்டு அறிவித்திருந்தார்கள்.

என் கணிப்பில், பட்டியலை மட்டும் நம்பியிருப்பது தவறு. திருட்டு நடந்து, ஸ்பேமும் போன பிறகுதான் அது பேசுகிறது. உண்மையான உரிமையாளர் மீட்ட பிறகும் கறை நீங்கும்வரை அவருடைய மின்னஞ்சல்கள் திரும்பி வரும். அதனால், பழைய முகவரித் தொகுதி வைத்திருக்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும் பதிவேட்டில் உள்ள மின்னஞ்சல் இன்னும் தங்களிடம்தான் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்க வேண்டும். பயன்படுத்தாத தொகுதியை யாரும் அறிவிக்கக் கூடாது என்று, எந்தத் தொகுதியை எந்த வலையமைப்பு அறிவிக்கலாம் என்று காட்டும் ஆர்பிகேஐ சான்றில் வலையமைப்பு எண்ணாகப் பூஜ்யத்தை இட்டுப் பூட்டி வைக்க வேண்டும்.