தங்க மீன் தொட்டிக்கு ஏற்ற வடிகட்டியும் அடிமணலும்

கம்பம் பள்ளத்தாக்கில் நெல், திராட்சை, வாழை பயிரிடும் சிறு விவசாயிகள் உபதொழிலாக வண்ண மீன் வளர்க்க எண்ணினால் முதலில் மனதைக் கவர்வது தங்க மீன்தான். தலையில் கொண்டையுள்ள ஒராண்டா, முதுகுத் துடுப்பில்லாத ராஞ்சு, கண் பிதுங்கிய பிளாக் மூர் போன்ற உயர் ரகங்களுக்கு விலை அதிகம். வாங்கி வந்த பத்தே நாளில் அவை செத்து மிதந்தால் போட்ட பணம் தண்ணீரோடு போய்விடும். மீன் சரியில்லை என்று விற்றவரைக் குறை கூறுவதுண்டு. பெரும்பாலும் கோளாறு மீனில் இல்லை, தொட்டியில்தான் இருக்கிறது.

மீன் சாவது ஏன்?

தங்க மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. இரைப்பை இல்லாததால் நாள் முழுவதும் மேயும், கழிவும் அதிகம். செவுள் வழியே வெளியாகும் அம்மோனியா நீரில் சேர்கிறது. நீர் தெளிவாகத் தோன்றினாலும் இது நஞ்சு. தோட்டத்தில் இடும் யூரியா அம்மோனியாவாகி, பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுகிறது அல்லவா? அதே வேலை தொட்டியிலும் நடக்க வேண்டும். நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. ஆகவே வடிகட்டி என்பது அழுக்கைப் பிடிக்கும் சல்லடை மட்டுமல்ல. இந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு.

எந்த வடிகட்டி?

உருண்டை உடல் கொண்ட உயர் ரகங்கள் வேகமாக நீந்த இயலாதவை. நீரை வேகமாக இறைக்கும் வடிகட்டி அவற்றை அலைக்கழிக்கும். காற்று பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியே சிறு தொட்டிக்கு ஏற்றது. 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் கொள்ளும். இதில் 3 அல்லது 4 மீன்களும் 2 ஸ்பாஞ்சுகளும் போதும். மணலுக்கு அடியில் பதிக்கும் தட்டு வடிகட்டி வேண்டாம். தங்க மீன் மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அது சரிவர வேலை செய்யாது.

புதிய ஸ்பாஞ்சில் நுண்ணுயிர் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஒரே ஒரு மீன் விட்டு, தீனியைக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சு கிடைத்தால், பாலுக்கு உறை ஊற்றுவது போல அதையும் சேர்த்து வைக்கலாம்.

ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவக் கூடாது. குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில், ஒரு வாரம் ஒன்றும் அடுத்த வாரம் மற்றொன்றுமாக மெல்லப் பிழிந்தால் போதும். காற்று பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். இல்லாவிடில் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

அடியில் என்ன இடலாம்?

தங்க மீன் மணலை வாயில் அள்ளி, உணவை எடுத்துக்கொண்டு மீதியைத் துப்பும். பட்டாணி அளவுள்ள சல்லி வாயில் சிக்கிக்கொள்ளும். சலித்த மெல்லிய ஆற்று மணலை நீர் தெளியும் வரை கழுவி, அரை அங்குலத்திற்கு மிகாமல் பரப்பலாம். அல்லது வாயில் நுழையாத அளவுக்குப் பெரிய, வழுவழுப்பான கூழாங்கற்களை இடலாம். விற்பனைக்காக வளர்ப்போர் அடியில் ஒன்றும் இடாமல் விடுவதே சிறந்தது. கழிவை எளிதில் உறிஞ்சி எடுக்கலாம்.

கடல் சிப்பி, சுண்ணாம்புக் கற்கள் வேண்டாம். இவை நீரின் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் கல்லைத் தவிர்க்க வேண்டும்.

திராட்சைத் தோட்டத்தார் கவனத்திற்கு

போர்டோ கலவையிலுள்ள மயில் துத்தம் மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்து கலக்கிய வாளி, குவளை எதையும் மீன் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்தடித்த கையை நன்கு கழுவாமல் தொட்டியில் விடுவதும் தவறு.

தொட்டி பழகிய பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்துப் பிறகு ஊற்றலாம். வெளியேற்றும் நீரில் நைட்ரேட் இருப்பதால் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சலாம். முதலில் ஒரே ஒரு தொட்டியை ஆறு மாதம் இழப்பின்றி நடத்திப் பார்த்து, அதன் பிறகு பெருக்குவதே சிறு விவசாயிக்கு நன்மை தரும்.