ஐம்பத்தாறு வயதில் ஒரு சுற்று

கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 56. சைக்கிளே ஓட்டத் தெரியாதவர், இப்போது ஸ்கூட்டர் பழக ஆசைப்படுகிறார். "அறிவொளி இயக்கம் வந்தப்போ எங்கம்மா நாற்பது வயசுக்கு மேல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. எனக்கு அப்ப கைக்குழந்தை, போக முடியல. இப்ப பழகலாம்னா என் பையன், இந்த வயசுல மூளை செட்டாயிடும்மா, புதுசா எதுவும் ஏறாதுங்கறான். அதுக்குப் பதிலா மூளைப் பயிற்சின்னு ஒரு ஆப்பை போன்ல போட்டுக் கொடுத்திருக்கான். எதைத்தான் நம்புறது?" கடிதத்தின் அடியில், போகிறபோக்கில் எழுதியது போல இன்னொரு வரி: "அம்மா சைக்கிளைத் தொட்டு இருபது வருஷம் ஆச்சு. போன பொங்கலுக்குப் பேரனோட சைக்கிள்ல ஏறித் தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துட்டாங்க."

அந்தக் கடைசி வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அம்மாவின் கதை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கையில் எடுத்துக்கொண்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய தூணாக நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காதவர்கள், வயல் வேலையும் குவாரி வேலையும் பார்த்தவர்கள். மூளை எந்த வயதில் செட்டாகும் என்ற கேள்விக்கு ஒரு மாவட்டமே பதில் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆய்வகங்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன.

அடுத்து அந்த ஆப். 2010இல் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளியானது. பிபிசியோடு சேர்ந்து நடத்திய அந்தச் சோதனையில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை ஆடினார்கள். ஆடிய விளையாட்டில் எல்லோரும் தேறினார்கள். அதை ஒத்த வேறு வேலையைக் கொடுத்தபோதுகூட அந்தத் தேர்ச்சி கூட வரவில்லை. 2016இல் லுமாசிட்டி என்ற பிரபல மூளைப் பயிற்சிச் செயலியை நடத்திய நிறுவனம், ஆதாரமில்லாத வாக்குறுதிகளை விளம்பரம் செய்த வழக்கில் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. கட்டத்தில் ஓடும் பறவையைத் தொட்டுத் தொட்டுப் பழகினால் கட்டத்தில் ஓடும் பறவையைத் தொடுவதில் கெட்டிக்காரராகலாம். ஸ்கூட்டர் ஓட்ட வேண்டுமானால் ஸ்கூட்டரில்தான் ஏற வேண்டும்.

வரலாறு இல்லாமல் தப்பிக்க முடியாது என்பதால் ஒரு பத்தி. நவீன நரம்பியலுக்கு அடித்தளமிட்ட ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால், வளர்ந்தவர்களின் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை என்று எழுதி வைத்தார். அந்தக் கடுந்தீர்ப்பை வருங்கால அறிவியல் மாற்றக்கூடும் என்றும் சேர்த்தே எழுதினார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். வயதுவந்தவர்களின் மூளையிலும் புது நியூரான்கள் பிறக்கின்றன என்று 1998இல் ஒரு ஆய்வு சொல்லப்போய் ஊரெங்கும் கொண்டாட்டம். 2018இல் அடுத்தடுத்து இரண்டு ஆய்வுகள் வந்தன. குழந்தைப் பருவம் தாண்டினால் பிறப்பதில்லை என்றது ஒன்று. எழுபது வயதுக்கு மேலும் பிறக்கின்றன என்றது மற்றொன்று. வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. நல்லவேளையாக, ஸ்கூட்டர் பழகுவதற்கு அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நியூரான்கள் பழையவையாகவே இருக்கட்டும். அவற்றைச் சுற்றி நடக்கும் வேலையைப் பார்ப்போம்.

ஆக்சான் என்னும் நரம்பிழையின் மேல் மையலின் உறை இருந்தால் மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவி வேகமாக ஓடும் என்பது பள்ளிப் பாடம். உறை இல்லாத இழையில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊரும் துடிப்பு, தடித்த உறை போட்ட இழையில் நூறு மீட்டரையும் தாண்டும். பாடப்புத்தகத்தில் அந்த உறை, ஒயருக்கு பிளாஸ்டிக் போட்டது போலப் பிறவியிலேயே வந்துவிட்ட ஒன்றாகப் படத்தில் இருக்கும். யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், ஏன் இந்த இழைக்குப் போட்டு அந்த இழைக்குப் போடவில்லை என்ற கேள்விகளைப் படம் கேட்பதில்லை. எனக்கு உடலில் நடக்கும் வேலைகளிலேயே மிகப் பிடித்தது இந்த உறை போடும் வேலைதான்.

பரோட்டாக் கடையில் மாஸ்டரின் கையைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, வீசி, மறுபக்கம் கை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கி, புடவைக் கொசுவம் போல மடித்து, சுருட்டி வைப்பார். மூளையில் இந்த வேலையைச் செய்யும் செல்லுக்கு ஒலிகோடெண்ட்ரோசைட் என்று பெயர். அது வெளியிலிருந்து மாவு வாங்குவதில்லை. தன் உடம்பையே வீசுகிறது. தன் செல் சவ்வை நாக்குப் போல நீட்டி, உள்ளேயிருக்கும் நீர்மத்தைப் பிழிந்து தள்ளி, இரு பக்கச் சவ்வும் ஒட்டிக்கொள்ளும்வரை மெல்லிசாக்கி, ஆக்சானைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓர் அடுக்கின் கனம் பன்னிரண்டு நானோமீட்டருக்குள் அடங்கும். சில இழைகளுக்கு ஐந்தாறு சுற்று, பெரிய இழைகளுக்கு நூறு சுற்றுவரை. நீரை நீக்கி எடை போட்டால் மையலினில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொழுப்பு. எண்ணெய் விஷயத்தில் எந்தப் பரோட்டாவும் இதன் அருகே வராது.

இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். பரோட்டாவில் நடு முதலில் வரும், புதுச் சுற்று வெளியே சேரும். மையலினில் நேர்மாறு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மிகாயேல் சைமன்ஸின் குழு 2014இல் காட்டியபடி, ஒவ்வொரு புதுச் சுற்றும் ஏற்கெனவே சுற்றியவற்றின் அடியில், ஆக்சானை ஒட்டிய இடத்தில் நுழைகிறது. முதலில் போட்ட சுற்று வெளியே தள்ளப்பட்டுப் பக்கவாட்டில் பரவுகிறது. அப்படியானால் வெளியே நிற்கும் செல் உள் விளிம்புக்குச் சரக்கை எப்படி அனுப்பும்? அடுக்குகளின் ஊடே பிழியாமல் விட்ட சிறு கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே சவ்வுக்கான பொருள் உள்ளே போகிறது. சுற்றி முடிந்ததும் கால்வாய்கள் மூடிக்கொள்கின்றன. சுருட்டிய பரோட்டாவின் அடுக்குகளுக்கு நடுவே வழி விட்டு, அதன் வழியாகவே மாவை அனுப்பி நடுவிலிருந்து வளர்த்து, கடைசியில் வழியை அடைத்துவிட்டுப் போகும் மாஸ்டரைக் கற்பனை செய்யுங்கள். அவர் ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது கைகளால், நாற்பது ஐம்பது வெவ்வேறு கம்பிகளில் இதைச் செய்கிறார். பரோட்டாவைக் கடைசியில் இரு கையாலும் அடித்து அடுக்கை உதிர்ப்பார்கள். அந்த இடத்தில் ஒப்புமையை நிறுத்திக்கொள்ள வேண்டும்: மையலின் அடுக்குகள் சிதைந்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களில் காணும் பாதிப்பு வரும்.

எந்த இழைக்குச் சுற்றுவது என்பதை அந்தச் செல் எப்படி அறிகிறது? ஜீப்ரா மீன் குஞ்சுகளின் உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் இதை உயிரோடு பார்க்கலாம். செல் நாலாபுறமும் கிளைகளை நீட்டி இழைகளைத் தொட்டுப் பார்க்கிறது. சில இடங்களில் சுற்றத் தொடங்குகிறது, அவற்றிலும் சிலவற்றைக் கைவிட்டுப் பின்வாங்குகிறது. துடிக்கும் இழை சிறு இரசாயனப் பொட்டலங்களை வெளிவிடுகிறது. அதை மருந்தாலோ மரபணு உத்தியாலோ தடுத்தபோது அந்த இழைகளுக்குக் கிடைத்த உறைகள் குறைந்ததை 2015இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. அதற்கு முந்தைய ஆண்டு, ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் ஆய்வகம் எலி மூளையின் இயக்கப் பகுதி நியூரான்களை ஒளியால் துடிக்க வைத்தபோது அங்கே உறைபோடும் செல்கள் பெருகி, மையலின் தடித்தது. பயன்படும் பாதைக்கு உறை கூடுகிறது.

வேகம் மட்டும் வேண்டுமென்றால் எல்லா இழைக்கும் போட்டுவிட்டுப் போகலாமே? இங்கேதான் சைக்கிள் வருகிறது. வண்டி இடப்பக்கம் சாயும்போது காதின் உட்பகுதி ஒரு செய்தி அனுப்புகிறது, கண் ஒன்று, கைப்பிடியை இறுக்கிய உள்ளங்கை ஒன்று. அவை கடந்து வரும் தூரம் வேறுவேறு. இரண்டு துடிப்புகள் ஏறக்குறைய 20 மில்லி விநாடிக்குள் அடுத்தடுத்து வந்தால்தான் நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்படும் என்பது ஆய்வகங்களில் பலமுறை கண்ட கணக்கு. மூளைக்குள் பத்து சென்டிமீட்டர் வழியை ஒரு செய்தி விநாடிக்கு ஒரு மீட்டராக வந்தால் 100 மில்லி விநாடி, பத்து மீட்டராக வந்தால் 10. சந்திப்பு நடப்பதும் தவறுவதும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. உறையின் நீளத்தையும் கனத்தையும் மாற்றி மூளை இந்த வருகை நேரங்களைச் சீர்செய்கிறது என்பது இப்போது வலுவான கருத்து. ஆனால் ஒரு மனிதர் சைக்கிள் பழகும்போது எந்த இழையில் எத்தனை சுற்று கூடியது என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எலிகளில் அதற்குப் பக்கத்தில் வரை போயிருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் ரிச்சர்ட்சனின் குழு செய்த சோதனை 2014இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. எலிக்கூண்டில் ஓடும் சக்கரம் இருக்குமே, அதன் குறுக்குக் கம்பிகளில் சிலவற்றை ஒழுங்கில்லாமல் உருவிவிட்டார்கள். இனி ஓட வேண்டுமானால் எலி ஒவ்வொரு அடியையும் இடம்பார்த்து வைக்கப் பழக வேண்டும். வயதுவந்த எலிகளில் ஒரு பிரிவுக்கு மிர்ஃப் என்னும் ஒரு மரபணுவை முன்னோடிச் செல்களில் மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். மூளைச் செல்களில் ஏறக்குறைய 5 சதவீதம் இந்த முன்னோடிகள். வாழ்நாள் முழுவதும் மூளையில் பரவிக் கிடந்து, தேவைப்படும்போது உறைபோடும் செல்லாக மாறுபவை. மரபணு போனதால் இந்த எலிகளில் பழைய மையலின் அப்படியே இருக்கும், புது மாஸ்டர் மட்டும் உருவாக முடியாது. அவை கம்பி உருவிய சக்கரத்தைக் கற்பதில் பின்தங்கிவிட்டன. 2016இல் அதே குழு, சக்கரத்தில் ஏறிய சில மணி நேரத்திலேயே இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று காட்டியது. அதற்குள் நூறு சுற்று சுற்றி முடித்திருக்க வழியில்லை. முதல் தொடுகையிலேயே ஏதோ நடக்கிறது. இந்த முன்னோடிச் செல்கள் பெருகுவது தூக்கத்தில்தான் அதிகம் என்பதையும் எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பிரேக் போட வேண்டும். அந்த எலிகள் வாலிப வயது எலிகள், 56க்கு நிகரானவை அல்ல. வயது ஏற ஏற முன்னோடிச் செல்கள் பெருகும் வேகம் குறைகிறது. மனிதர்களில் நிலைமை இன்னும் வேறு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐக் கூட்டின. அது உணவின் வழியே எல்லோர் செல்லிலும் பிறந்த தேதி முத்திரை போலப் பதிந்திருக்கிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2014இல் அதை வைத்துக் கணக்கிட்டது. மூளையின் வெண்பகுதியில் உறைபோடும் செல்களின் எண்ணிக்கை சிறுவயதிலேயே நிறைவடைகிறது. அதன்பின் ஆண்டுக்கு முந்நூறில் ஒன்றுதான் புதிதாகிறது. மகன் சொன்னதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மாஸ்டர்கள் பழையவர்களே, மையலினோ தொடர்ந்து புதிதாகிக்கொண்டிருக்கிறது. எலி புது ஆளைச் சேர்க்கும் இடத்தில் மனித மூளை பழைய ஆளுக்கே புது மாவு கொடுக்கிறது என்று தோன்றுகிறது.

மனிதர்களிடம் நேரடியாகப் பார்த்தது ஸ்கேன் மூலம்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 2009இல் வயதுவந்தவர்களுக்கு ஆறு வாரம் மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது வெண்பகுதியில் மாற்றம் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியில் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு அதே பந்து வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். இருபது வயதுக்காரர்கள் அளவுக்குத் தேறியவர்கள் அவர்களில் குறைவு. ஆனால் கற்றவர்களின் மூளையில், வெண்பகுதியில் அல்ல, சாம்பல்பகுதியில், முன்பு இளைஞர்களிடம் கண்ட அதே இடத்தில் மாற்றம் இருந்தது. ஸ்கேன் படத்தில் வெளிச்சமாகத் தெரிவது மையலின்தானா வேறெதுவுமா என்று ஸ்கேனால் சொல்ல முடியாது. "மூளை வளர்ந்தது" என்ற தலைப்போடு அந்தப் படத்தை யாராவது உங்களுக்கு அனுப்பினால் இதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, கீரனூர் வாசகிக்கு. உங்கள் மகனைவிட உங்களுக்கு நாள் கூட ஆகும். முதல் நாள் ஹேண்டில் தடுமாறும், இரண்டாம் நாளும் தடுமாறும். எந்தத் துடிப்பு எப்போது வந்து சேர வேண்டும் என்பதை மூளை அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் அறிகிறது. சாயங்காலம் காலியாக இருக்கும் மைதானம், பின்னால் பிடித்து ஓட ஓர் ஆள், தலையில் ஹெல்மெட், இரவு நல்ல தூக்கம். பின்னால் ஓடும் அந்த ஆள் மகனாகவே இருந்தால் இன்னும் நல்லது. பழகுநர் உரிமம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி, அந்தக் கடைசி வரி. லண்டன் எலிகளில் மூன்றாவதாக ஒரு பிரிவு இருந்தது. அவற்றை முதலில் கம்பி உருவிய சக்கரத்தில் ஓடிப் பழகவிட்டார்கள். பழகிய பிறகு மரபணுவை நிறுத்திவிட்டு, இடைவெளி கொடுத்துத் திரும்பச் சக்கரத்தில் விட்டார்கள். புது மாஸ்டர் ஒருவர்கூட உருவாக முடியாத நிலையில், அவை தடுமாறாமல் ஓடின. கற்கும்போதுதான் புது உறை வேண்டியிருந்தது. கற்றதைத் திரும்பச் செய்யப் புது மாஸ்டர் தேவைப்படவில்லை. உங்கள் அம்மா போன பொங்கலுக்குத் தெருமுனை வரை போனதும் அறிவொளி நாட்களில் பழகிய பாதைகளில்தான் போலும்.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த இன்னொரு விவரம் உண்டு. எலிகளுக்குத் தீனி ஆசை காட்டவில்லை, பரிசு வைக்கவில்லை. கம்பி உருவிய சக்கரத்தைக் கூண்டில் வைத்துவிட்டு ஆய்வாளர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரவில் அவை தாமாகவே ஏறி ஓடின.