தபால் தலையில் ‘பல்லவி’ பட்டம்மாள்

2014 செப்டம்பர் 3 அன்று இந்திய அஞ்சல் துறை எட்டு இசைக் கலைஞர்களுக்கு ஒரே தொகுப்பாகத் தபால் தலை வெளியிட்டது. ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் என வாத்தியக்காரர்கள் மூவர். பீம்சேன் ஜோஷி, மல்லிகார்ஜுன் மன்சூர், குமார் கந்தர்வா, கங்குபாய் ஹங்கல் என இந்துஸ்தானிப் பாடகர்கள் நால்வர். நால்வருமே வட கர்நாடக மண்ணில் பிறந்தவர்கள். கர்நாடக சங்கீதம் பாடியவர் என்று பார்த்தால் எட்டில் ஒருவர்தான்: காஞ்சிபுரம் டி.கே. பட்டம்மாள். மும்மூர்த்திகளின் மரபுக்கு இவ்வளவுதான் பங்கா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஓர் இடத்துக்கு ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

1919இல் பிறந்தவர் பட்டம்மாள். தாயார் நன்றாகப் பாடுவார். ஆனால் உறவினர் முன்னால்கூடப் பாட அனுமதி கிடையாது. பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறுவது அன்று நினைத்தே பார்க்க முடியாத காரியம். அந்த வீட்டிலிருந்துதான் பதின்மூன்று வயதுப் பெண் 1932இல் சென்னையில் கச்சேரி செய்தாள்.

மேடை ஏறியது பாதி. மறுபாதி, ஏறிய பிறகு பாடியது. ராகம் தானம் பல்லவி அப்போது ஆண்களின் கோட்டை. பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அதைத் தாள வட்டத்துக்குள் அட்சரம் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். பிறகு தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வரியை மட்டும் இரட்டிப்பாகவும் நாலு மடங்காகவும் ஓட்ட வேண்டும். மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடைக்கு மாற்றி, எடுத்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். கை ஒரு கணக்கில் போகும், வாய் இன்னொரு கணக்கில் போகும். காஞ்சிபுரத்தில் லயப் புலி நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த பட்டம்மாளுக்கு இது பயமாக இல்லை. ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அம்பி தீட்சிதரிடமும் டி.எல். வெங்கடராம ஐயரிடமும் பாடம் கேட்டதால் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் இவரிடம் பாடாந்தர சுத்தமாக இருந்தன. விளம்ப காலத்தில், சங்கதிகளை வாரி இறைக்காமல், சாஹித்யத்தின் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும்படி பாடுவார். கனமான சாரீரம். இனிமைக்காகக் குரலை மெலித்துக்கொள்ளவே இல்லை.

சினிமாவிலும் அதே பிடிவாதம்தான். காதல் பாட்டு வேண்டாம் என்று தள்ளியவர், தேசபக்திப் பாடல் என்றால் ஒப்புக்கொண்டார். 1939இல் வந்த ‘தியாகபூமி’யில் பாடினார், அந்தப் படத்துக்கு வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடலுக்கு இவர் குரல் கொடுக்க, குழந்தை கமலா ஆடினார். கச்சேரி பக்கமே போகாத குடும்பங்களுக்கும் பட்டம்மாளைத் தெரிந்தது அந்தப் படத்தால்தான்.

சங்கீத கலாநிதி விருது 1970இல் வந்தது; இவருக்கு முன் அதை வாங்கிய பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி மட்டுமே. எம்.எஸ்.ஸுக்கு மறைந்த மறு ஆண்டே, 2005இல், தபால் தலை வந்துவிட்டது. பட்டம்மாளுக்கு ஐந்து வருஷம் ஆனது. எம்.எஸ். உலகறிந்த முகம், பட்டம்மாள் வித்வான்களின் வித்வான். காத்திருப்பு அதனாலும் இருக்கலாம்.

அந்தத் தொகுப்பில் இருந்த இன்னொரு பெண் கங்குபாய் ஹங்கல். அவருக்கும் கனத்த குரல், ஆண் குரலோ என்று மயங்க வைக்கும் குரல். பாட்டையே தொழிலாகக் கொண்ட குலத்தில் பிறந்ததற்காக ஊர் அவரை ஏளனம் செய்தது. இங்கே பட்டம்மாள் பிறந்த குலத்திலோ பெண் மேடையேறவே கூடாது என்று தடை. 2009 ஜூலை 16 அன்று பட்டம்மாள் காலமானார். ஐந்தே நாளில், 21ஆம் தேதி, கங்குபாயும் போய்ச் சேர்ந்தார்.

பட்டம்மாள் தாண்டிய இன்னொரு தடையும் உண்டு. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்று நெடுநாள் இருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், கடைசியில் பட்டம்மாளுக்கு வாசித்தார். அதோடு நிற்கவில்லை, தம் மகளைப் பட்டம்மாளின் மகனுக்குக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தியும் ஆனார். அந்தத் தம்பதியின் மகள்தான் பாடகி நித்யஸ்ரீ மகாதேவன்.