உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகமும்

தீபாவளியன்று ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்ட வீடுகளில் பாயசமும் கேசரியும் மணக்கும். கிஸ்மிஸ் எனப்படும் உலர்திராட்சை சேராத பாயசம் ஏது? விருந்து முடிந்ததும், மிஞ்சியதைக் கொல்லையில் காவல் காக்கும் நாயின் தட்டில் கொட்டுவது நம்மவர் வழக்கம். அன்போடு செய்யும் இச்செயல் அந்த நாயின் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

திராட்சை நமக்கு நல்ல பழம், நாய்க்கோ நஞ்சு. திராட்சை தின்ற நாய்களின் சிறுநீரகம் செயலிழப்பதை அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள் 2001-இல் எழுதி வெளியிட்டனர். ஆனால், பழத்தில் உள்ள எப்பொருள் நஞ்சு என்பது மேலும் 20 ஆண்டுகள் புதிராகவே இருந்தது. ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றும் துள்ளித் திரிந்தது. மற்றொன்று சில பழங்களிலேயே சாய்ந்தது.

புதிரை அவிழ்க்க உதவியது பிள்ளைகள் உருட்டி விளையாடும் மாவு! வீட்டில் பிசைந்த அத்தகைய மாவைத் தின்ற ஒரு நாய்க்கும் அதே கோளாறு உண்டாயிற்று. மாவில் கிரீம் ஆப் டார்டார் என்னும் தூள் கலந்திருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் மிகுந்திருப்பதும் அவ்வமிலமே. நாயின் சிறுநீரகத்தால் அதனை எளிதில் வெளியேற்ற இயலாததே கேட்டுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பழத்தின் வகைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு மாறும். எனவே, ‘இத்தனை பழம் தின்றால் ஆபத்தில்லை’ என்று யாராலும் சொல்ல முடியாது. நீர் வற்றிய உலர்திராட்சையில் அமிலம் இன்னும் செறிந்திருக்கும்.

நம் அடுக்களையில் இவ்வமிலம் நிறைந்த மற்றொரு பொருள் புளி. புளி தின்ற நாய்களும் இவ்வாறே பாதிக்கப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆகவே, கரைத்த புளியின் சக்கையையும், மலாக்காவுக்கே பெயர் தேடித்தந்த அசாம் பெடாஸ் குழம்பின் மிச்சத்தையும் நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

திராட்சையைத் தின்ற நாய்க்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வாந்தி தொடங்கும். பிறகு சோர்ந்து படுக்கும். ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து நின்றுவிட்டால் பிழைப்பது அரிது. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல், தின்றது தெரிந்தவுடனே கால்நடை மருத்துவரை அழைத்து, எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று கூற வேண்டும். உப்பு நீரைப் புகட்டி நாமே வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அவ்வுப்பே நாயைக் கொன்றுவிடலாம். பெருநாள் விடுமுறையில் பல மருத்துவமனைகள் மூடியிருக்கும். உள்தோட்டத்தில் வசிப்போர், பட்டணத்தில் எது திறந்திருக்கும் என்பதை முன்னரே கேட்டு, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.